அட்டையில் செய்த ராத்திரி

என் லைன் வீட்டுக்குக் குடிவருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது ஒன்றுதான்: சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. காலண்டருக்கும் கூடாது, சாமி படத்துக்கும் கூடாது. இதைச் சொல்லும்போதே வருகிறவர்களின் முகம் சுருங்கிவிடும். சுருங்கினால் சுருங்கட்டும். பென்னலூரில் எங்கள் நிலத்தில் பாதியை விற்று, மீதியில் வரிசையாக ஐந்து வீடு கட்டி, மேலே ஷீட் போட்டு, நானும் என் வீட்டுக்காரர் திருநாவுக்கரசும் அதை நம்பித்தான் பிழைக்கிறோம். காரை பெயர்ந்தால் பூசுவது யார்?

யுவஸ்ரீ மட்டும் முகம் சுருக்கவில்லை. இடுப்பில் பெண் குழந்தையை வைத்துக்கொண்டு சுவர், ஜன்னல், கதவு என்று ஒரு சுற்றுப் பார்த்தாள். "ஆணியே வேணாம்மா. நான் பாத்துக்கிறேன்," என்றாள். வீடு கிடைக்க வேண்டும் என்பதற்காகப் பேசுகிறாள் என்று நினைத்துக்கொண்டு சாவியைக் கொடுத்தேன்.

அவளுக்கு வாலாஜாபாத் பக்கம். அப்பா டீக்கடை வைத்திருந்தார். பன்னிரண்டாவது முடித்த கையோடு ஒரகடத்தில், காருக்கு வயர் கட்டித் தருகிற கம்பெனியில் சேர்ந்துவிட்டாள். பெரிய பலகை ஒன்றில் வயர்களைப் பிரித்துப் படியவைத்து, டேப் சுற்றி, கிளிப் மாட்டி அனுப்ப வேண்டும். பிரசாந்தைக் கல்யாணம் செய்துகொண்டு, குழந்தை பிறந்ததும் வேலையை விட்டாள். ஆனால் அவள் கை சும்மா இருக்க மறந்துபோயிருந்தது. குடிவந்த கொஞ்ச நாளிலேயே, கிழிந்த ஜீன்ஸ் பேண்டின் பாக்கெட்டுகளை ஒரு துணியில் வரிசையாகத் தைத்து, கதவின் மேல் கொக்கி போட்டுத் தொங்கவிட்டிருந்தாள். சீப்பு, கத்தரிக்கோல், குழந்தையின் மருந்து, கரண்டு பில் எல்லாம் அதில் இருந்தன. ஜன்னல் கம்பியிலிருந்து கம்பிக்குக் கயிறு கட்டி, அட்டையில் அலமாரி செய்து மாட்டியிருந்தாள். ஆணி எங்கேயாவது அடித்திருப்பாளா என்று பார்க்க, ஏதோ சாக்குச் சொல்லி உள்ளே போய் கண்ணால் துழாவினேன். ஒன்றும் கிடைக்கவில்லை. கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

"இன்னாம்மா தேடுறீங்க?" என்றாள்.

"ஒண்ணுமில்லடி, சும்மா பாத்தேன்," என்றேன். அடுத்த வாரம் என் வீட்டு டிவி ரிமோட்டுக்கும் ஒரு பை தைத்துக்கொண்டு வந்தாள். அதற்கப்புறம் நான் தேடுவதை நிறுத்திவிட்டேன்.

பிரசாந்துக்கு லாரிக்கு பிரேக் செய்கிற கம்பெனியில் வேலை. நல்ல பையன், அதிர்ந்து பேச மாட்டான். ட்ரெயினியாகச் சேர்ந்து, காலம் முடிகிற கட்டத்தில் இருந்தான். அந்தக் கட்டத்தில் சிலரைப் பெர்மனண்ட் ஆக்குவார்கள், மீதிப் பேரைக் கை குலுக்கி அனுப்பிவிடுவார்கள். இந்த நேரம் பார்த்து அவனை நைட் ஷிப்டில் போட்டார்கள். ஓவர்டைம் சேர்த்து, சாயங்காலம் ஆறரைக்கு பஸ் ஏறினால் காலையில்தான் திரும்புவான்.

வந்து படுத்தால் தூக்கம் வர வேண்டுமே. தலைக்கு மேலே ஷீட் கொதிக்கும். ஜன்னல் தெருவைப் பார்த்து இருக்கிறது. பழைய இரும்புக்காரன் ஒலிபெருக்கியோடு வருவான்; அவன் போனதும் பிளாஸ்டிக் குடம் விற்கிறவன் வருவான். பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் அடிக்கும். குழந்தை அப்பா மேல் ஏறி உட்காரும். புரண்டு புரண்டு படுத்துவிட்டு மத்தியானமே எழுந்து, கண் சிவந்து, வாசலில் வந்து உட்கார்ந்திருப்பான். பார்க்கவே பாவமாக இருக்கும்.

ஒரு நாள் மெஷின் பக்கத்திலேயே நின்றபடி கண் அசந்துவிட்டான். சூப்பர்வைசர் பார்த்துவிட்டார். இன்னொரு தடவை தூங்குவதைப் பார்த்தாலும் சரி, சொல்லாமல் ஒரு நாள் நின்றாலும் சரி, பெர்மனண்ட் ஆகிறவர்களில் உன் பேர் இருக்காது என்று சொல்லிவிட்டார். யுவஸ்ரீ என்னிடம் இதைச் சொன்னபோது அழவில்லை. ஜன்னலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அம்மா, இங்க பெரிய அட்டைப் பெட்டி எங்க கிடைக்கும்?" என்று கேட்டாள்.

ஹைவே ஓரம் இருக்கிற பழைய சாமான் கடைக்கு என் டிவிஎஸ்ஸில் நானே கூட்டிப் போனேன். கார் கண்ணாடி வந்திறங்கிய பெட்டிகள், ஒவ்வொன்றும் ஆள் உயரம். வண்டியின் பின்னால் கட்டிக்கொண்டு வரும்போது காற்று எங்களைத் தள்ளிக்கொண்டு போனது. மைதாவைக் காய்ச்சிப் பசை செய்து, இரண்டு அட்டையை ஒன்றின் மேல் ஒன்று ஒட்டினாள். முதல் அட்டையின் வரி நீட்டுவாக்கில் இருந்தால் அடுத்தது குறுக்குவாக்கில் இருக்க வேண்டுமாம், அப்போதுதான் வளையாதாம். மேலே அம்மி, குடம், அரிசி டப்பா எல்லாம் ஏற்றிக் காயவைத்தாள். ஜன்னல் சட்டத்தை நூலால் அளந்து, அட்டையை ஒரு நூல் அளவு பெரிதாகவே வெட்டி, ஓரம் முழுக்கப் பழைய புடவைக் கரையைச் சுற்றித் தைத்தாள். அழுத்தி வைத்தால் ஜன்னலில் தானாகக் கவ்விக்கொண்டது. எடுப்பதற்குப் பேக்கிங் பட்டையில் ஒரு கைப்பிடி. ஆணி கிடையாது, சுவரில் டேப்பும் கிடையாது. நான் கையால் தடவிப் பார்த்தேன். என் மகன் கட்டிய வீட்டில் தச்சர் வைத்த ஜன்னல்கூட இப்படிப் பொருந்தவில்லை.

அதோடு விட்டாளா? ஜீன்ஸ் கால் ஒன்றில் மரத்தூள் அடைத்து இரண்டு பக்கமும் தைத்து, கதவுக்கு அடியில் வெளிச்சம் வருகிற சந்தில் போட்டாள். பட்டன் இரண்டைக் கண்ணாக வைத்ததால் குழந்தை அதைப் பாம்பு என்று கூப்பிட்டது. ஸ்டூல் கால்களுக்கெல்லாம் பிரசாந்தின் பழைய சாக்ஸ். குழந்தையின் கொலுசுக்கு வெல்வெட்டில் ஓர் உறை. ஷீட்டின் மேல் ஈரச் சாக்கு. உள்ளே தெர்மாகோலைக் கயிற்றில் கோத்துத் தொங்கவிட்டாள். கதவின் உள்பக்கம் பழைய மெத்தைப் பஞ்சை வைத்துத் திரைமாதிரி தைத்துப் போட்டாள். கடைசியாகப் போனுக்கு ஒரு பெட்டி. மிட்டாய்ப் பெட்டிக்குள் ஸ்பாஞ்சும் கம்பளித் துண்டும் வைத்துத் தைத்தது. யார் கூப்பிட்டாலும் அதற்குள்ளேயே முனகிக்கொண்டு கிடக்கும்.

கதவுக்கு வெளியே இரண்டு துணி வைத்திருந்தாள். பச்சை தொங்கினால் வரலாம், சிவப்பு தொங்கினால் கிட்டே வரக் கூடாது. அவள் வேலை பார்த்த கம்பெனியில் அப்படி விளக்கு எரியுமாம். இதைத் தெரு முழுக்க நடத்திக் காட்டியவள் நான்தான், சொல்லிக்கொள்வதில் என்ன வெட்கம். பழைய இரும்புக்காரனைத் தெருமுனையிலேயே நிறுத்தினேன். குடம் விற்கிறவனிடம் ஒலிபெருக்கியை அணைத்துவிட்டுத் தள்ளிக்கொண்டு போகச் சொன்னேன். கம்பெனி பஸ் டிரைவரிடம் போய், ஹாரன் அடிக்காதே, ஆளுங்க தானா வருவாங்க என்றேன். "இது இன்னாம்மா, ஆஸ்பத்திரியா?" என்றான். "ஆஸ்பத்திரினே வச்சிக்கோ," என்றேன். என் வீட்டுக்காரர் தும்மினால்கூட முறைத்தேன். பாவம், அவர் தோட்டத்துக்குப் போய்த் தும்மிவிட்டு வருவார்.

பிரசாந்த் தூங்க ஆரம்பித்தான். காலையில் படுத்தால் நாலு மணிக்கு யுவஸ்ரீ தட்டித்தான் எழுப்ப வேண்டும். கண் தெளிந்தது, கன்னத்தில் கொஞ்சம் சதை போட்டது. நாலாவது வீட்டு முத்துச்செல்வி தன் வீட்டுக்காரன் வசந்தகுமாருக்கும் ஒரு ஜன்னல் அட்டை வேண்டும் என்று வந்து நின்றாள். அவன் பகல் ஷிப்டுக்காரன், பிரசாந்த் கம்பெனியிலேயே ஸ்டோரில் இருக்கிறான். பகலில் வேலைக்குப் போகிறவனுக்கு எதற்கு அட்டை என்று கேட்டேன். "ஞாயித்துக்கிழமை ஒறங்கணும்லா," என்றாள். அவள் திருநெல்வேலிக்காரி, அவளிடம் பேசி ஜெயிக்க முடியாது.

அந்த வெள்ளிக்கிழமை யுவஸ்ரீ குழந்தைக்குத் தடுப்பூசி போட ஸ்ரீபெரும்புதூர் போனாள். பிரசாந்த் படுத்திருந்தான். எப்படியும் அவன் எழும்புவதற்குள் வந்துவிடலாம் என்று கணக்கு. ஒருவேளை தாமதமானால் இருக்கட்டும் என்று அவன் போனில் அலாரம் வைத்து, வழக்கம்போலப் போனைப் பெட்டிக்குள் வைத்து மூடி, சிவப்புத் துணியைத் தொங்கவிட்டுப் போனாள். உள்தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அவன் மறுபடி படுத்தான். யோசித்துப் பாருங்கள். சத்தம் வெளியே வராமல் இருக்கச் செய்த பெட்டிக்குள் எழுப்பச் சொல்லி அலாரத்தை வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். புத்திசாலிகள் செய்கிற தப்பு இப்படித்தான் இருக்கும்.

ஆஸ்பத்திரியில் கூட்டம். திரும்பும்போது ஹைவேயில் கன்டெய்னர் லாரி ஒன்று குறுக்கே நின்று, பின்னால் வண்டிகள் அப்படியே நின்றுவிட்டன. நான் வாசல் தெளித்துக் கோலம் போட்டுக்கொண்டிருந்தேன். கம்பெனி பஸ் வந்து நின்றது. ஹாரன் அடிக்கவில்லை, நான் சொன்னதை அந்த டிரைவர் அவ்வளவு ஒழுங்காகக் கேட்டான். கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விட்டது. சிவப்புத் துணி தொங்குவதை நானும் பார்த்தேன். லீவு போட்டிருப்பான் போலிருக்கிறது என்று நினைத்துக் கோலத்துக்குப் புள்ளி வைத்தேன். அப்போதுதான் போன் அடித்தது.

"அம்மா, நான் ஹைவேல மாட்டிக்கினேன், கன்டெய்னர் குறுக்க நிக்குது. அவரு பஸ் ஏறிட்டாரா? எனக்குப் போனே பண்ணல," என்றாள் யுவஸ்ரீ.

 மாவுக் கிண்ணத்தைப் போட்டுவிட்டு ஓடிப் போய்க் கதவைத் தட்டினேன். பஞ்சில் அடித்த மாதிரி தொப் தொப் என்றது. பஞ்சில்தானே அடித்தேன். முத்துச்செல்வி ஓடிவந்தாள்.

"பஸ்சு போயிருச்சுல்லா. அண்ணன் உள்ளயா கெடக்காரு?"

இரண்டு பேரும் சேர்ந்து கத்தினோம். ஜன்னலைத் தட்டினோம். அவள் இரும்பு வாளியை எடுத்துவந்து கதவில் மோதினாள். இத்தனை நாளாகத் தெருவை அடக்கிவைத்த நான், தெருவுக்கே கேட்கிறாற்போலத் தொண்டை கிழியக் கத்தினேன். அக்கம்பக்கத்தார் வெளியே வந்து எங்களைப் பார்த்தார்கள். கடைசியில் தாழ்ப்பாள் விலகியது. பிரசாந்த் லுங்கியோடு வந்து நின்று, அடிவானத்தில் சிவந்திருந்த வெளிச்சத்தைப் பார்த்துச் சோம்பல் முறித்தான்.

"விடிஞ்சிடுச்சாம்மா? நைட்டு ஷிப்டுக்குப் போகாமலே தூங்கிட்டேனா?"

"விடியலடா. இப்பதான் பொழுது போவுது. பஸ் போயிடுச்சு. சட்டையை மாட்டு."

அவன் யூனிபார்ம் பேண்டையும் சட்டையையும் மாட்டிக்கொண்டு, ஷூவை மடியில் வைத்துக்கொண்டு என் டிவிஎஸ்ஸில் ஏறினான். பஸ் ஸ்ரீபெரும்புதூருக்குள் போய் ஆள் ஏற்றிக்கொண்டுதான் ஒரகடம் ரோட்டில் திரும்பும். அந்தக் கன்டெய்னர் நெரிசலில் பஸ்ஸும் ஊர்ந்துதான் போகும்; ஹைவேயில் போனால் எங்களுக்கும் அதுதான் கதி. ஏரிக்கரை வழியாக விட்டேன். மண் ரோடு, குழி, நடுவே நாலு எருமை. எருமைகளுக்கு ஹாரன் அடித்தால் கேட்குமா, அதுகளையும் திட்டினேன். பின்னால் உட்கார்ந்து அவன் ஒரு கையால் என்னைப் பிடித்துக்கொண்டு மறு கையால் சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தான்.

"அம்மா, மெதுவா போங்க. விழுந்துடப் போறோம்."

"விழுந்தா எழுந்து போலாம். பஸ்சு போனா இன்னா பண்ணுவ?"

அதற்கப்புறம் அவன் என்னை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.  பெற்ற பிள்ளைக்குப் பதறுகிற மாதிரி எனக்குப் பதறியது, அதை மறைப்பானேன்.

ஒரகடம் திருப்பத்தில் பஸ் கிளம்பி நகரும்போது குறுக்கே வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினேன். டிரைவர் தலையை வெளியே நீட்டித் திட்ட வாயெடுத்தான். என்னைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டு கதவைத் திறந்தான். பிரசாந்த் ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு, பொத்தான் மாறிப் போட்ட சட்டையோடு ஏறினான். பஸ்ஸில் இருந்த பையன்கள் எல்லாம் கை தட்டினார்கள். எனக்கு மூச்சு வாங்கியது. பக்கத்துக் கடையில் ஒரு சோடா வாங்கிக் குடித்துவிட்டுத்தான் வண்டியைத் திருப்பினேன்.

நான் வந்தபோது யுவஸ்ரீ வந்திருந்தாள். குழந்தையை முத்துச்செல்வியிடம் கொடுத்துவிட்டு, ஜன்னல் அட்டை, தெர்மாகோல், கதவுப் பஞ்சு எல்லாவற்றையும் பிடுங்கி வாசலில் குவித்திருந்தாள். போன் பெட்டி மிதிபட்டுக் கிடந்தது.

"ஏறிட்டான்டி. நான் ஏத்திவுட்டேன்," என்றேன்.

"நானே அவர் வேலைக்கு உலை வச்சிருப்பேன்மா. இன்னும் கொஞ்சம் போயிருந்தா இன்னா ஆயிருக்கும்? எனக்கு இந்த வேலையெல்லாம் வேணாம். நாளைக்கு இரும்புக்காரனுக்குப் போட்டுடுறேன்."

"பெட்டிய மட்டும் போடு. ஜன்னலு இன்னாடி பண்ணுச்சு?"

அவள் கேட்கவில்லை. அந்தக் குவியல் மேலேயே உட்கார்ந்து அழுதாள்.  டீ போட்டுக் கொண்டுவந்து கொடுத்தேன். குடித்தாள்.

மறுநாள் காலையில் பிரசாந்த் வந்து இறங்கினான். நடையில் ஒரு துள்ளல் இருந்தது. வாசலில் குவிந்திருந்ததைப் பார்த்தான், உள்ளே போனான், உடனே வெளியே வந்தான்.

"இன்னா யுவா, வூடெல்லாம் ஒரே வெளிச்சமா கீது?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"நேத்து இன்னா நடந்துச்சு தெரியுமா? வெளிநாட்டுக்காரங்க சரக்கு பாக்க வந்துட்டாங்க. லைன்ல எல்லாரும் கொட்டாவி வுட்டுக்கினு நிக்கிறாங்க. நான் மட்டும் கொட்டக் கொட்ட முழிச்சிக்கினு கீறேன். அவ்ளோ நேரம் தூங்கிட்டுப் போனவனுக்கு எப்படி தூக்கம் வரும்? ஒரு பீஸ்ல வாஷர் மாறிப் போயிருந்தது, அதைக்கூடப் பிடிச்சிட்டேன். சூப்பர்வைசர் ஒரு மாதிரி பாத்துட்டுப் போனாரு. இன்னா நினைச்சாரோ தெரியல." குவியலிலிருந்து ஜன்னல் அட்டையை எடுத்து அவளிடம் நீட்டினான். "எனக்கு மறுபடியும் தூங்கணும். இதை மாட்டு."

"நான் மாட்ட மாட்டேன்."

"சரி, நானே மாட்டுறேன்," என்று ஜன்னலில் வைத்து அழுத்தினான். தலைகீழாக வைத்தால் எப்படிக் கவ்வும்? கீழே விழுந்தது. மறுபடி வைத்தான், மறுபடி விழுந்தது. மூன்றாவது தடவை விழுந்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "குடுங்க இங்க," என்று பிடுங்கித் திருப்பி வைத்தாள். தெர்மாகோல் ஏறியது, கதவுக்குப் பஞ்சுத் திரை வந்தது. ஒவ்வொன்றாக மாட்ட மாட்ட அறை இருட்டிக்கொண்டே வந்தது. போனை மட்டும் அவள் தன் இடுப்பில் செருகிக்கொண்டாள். அவன் படுத்ததும் வெளியே வந்து, கதவைச் சாத்தி, சிவப்புத் துணியைத் தொங்கவிட்டாள்.

மத்தியானம் நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். முத்துச்செல்வி அவள் வீட்டிலிருந்து ஓடிவந்தாள். சிவப்புத் துணியைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, நுனிக்காலில் நடந்து வந்தாள். யுவஸ்ரீ வாசலில் உட்கார்ந்து குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். முத்துச்செல்வி அவள் காதருகே குனிந்தாள்.

"எங்க வீட்டுக்காரக இப்பதான் போன் போட்டாக. இன்னைக்குக் காலையில சொல்லிட்டாகளாம். அண்ணன் பெர்மனண்ட் ஆயிட்டாக."

சோற்றுக் கையோடு யுவஸ்ரீ எழுந்துவிட்டாள். ஓடிப் போய்க் கதவில் கையை வைத்தாள். அவ்வளவுதான், உள்ளே போய் அவனை உலுக்கிச் சொல்லிவிடப் போகிறாள் என்று நானும் அரிசியை அப்படியே விட்டுவிட்டு வந்தேன். அவள் கை கதவிலேயே நின்றது. மெதுவாக எடுத்துக்கொண்டு திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

"எழுப்புடி," என்றேன், என் குரலையும் தாழ்த்திக்கொண்டு. "இதைவிட வேற இன்னா சேதி வேணும்?"

"வேணாம்மா. இப்ப எழுப்பிட்டா சந்தோஷத்துல அவருக்கு மறுபடி தூக்கமே வராது. ராத்திரி ஷிப்டு கீது."

கண்ணில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சத்தம் வராமல் சிரித்தாள். குழந்தை அவள் முகத்தைப் பார்த்து அதுவும் சிரித்தது. முத்துச்செல்வி மற்ற வீடுகளுக்குப் போய்க் காதோடு காதாகச் சொல்லிவிட்டு வந்தாள். ஒருவர் பின் ஒருவராகப் பெண்கள் வந்து அவள் கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் போனார்கள், யாரும் வாயைத் திறக்கவில்லை. எனக்குத்தான் தாங்கவில்லை. ஊருக்கே கேட்கிறாற்போல் சொல்ல வேண்டிய சேதியை நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு அவள் எப்படித்தான் உட்கார்ந்திருந்தாளோ. வெயில் அவள் மேல் ஏறியது, அவள் நகரவில்லை. நாலு மணி ஆகும்வரை அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.